உப்பில்லாச் சோறு

ஒக்டோபர் 9

காலையிலிருந்து மழை. தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டியின் பற்றரி மறுபடி இறங்கிவிட்டது. ஐஸ்கட்டி வாங்கப் போன ஆள் ஆற்றைக் கடக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பினார். இரண்டு பிரசவம், ஒரு கத்திவெட்டு, மற்றதெல்லாம் காய்ச்சல்.

மத்தியானம் கிளினிக் வாசலில் சனம் கூடி நின்றது. ஆனால் யாரும் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தேன். மதாம் எர்மித் ஒரு மனிதனின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். எர்மித் சந்தைத் தெருவில் அவித்த சோளம் விற்பவள். ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசை வாங்கில் இருப்பவள். அந்த மனிதனுக்கு இருபத்தைந்து வயதும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். தலை குனிந்தே கிடந்தது. இடது காலில் பெரிய புண். மழையிலும் ஈ மொய்த்தது.

"சிஸ்டர், என்ர வில்நேர் வந்திட்டான். காலை ஒருக்காப் பாருங்கோ."

(இந்த நாட்டில் பேசுவது கிரெயோல். எங்கள் கன்னியர் மடம் ஹெயிட்டிக்கு அனுப்பிய நாளிலிருந்து நானும் அதில்தான் பேசுகிறேன், திட்டுகிறேன், பாவசங்கீர்த்தனமும் செய்கிறேன். எழுதும்போது மட்டும் எல்லோரும் முல்லைத்தீவுக்காரராக மாறிவிடுகிறார்கள்.)

வில்நேர் எர்மித்தின் ஒரே மகன். கொலரா பரவிய வருடம் செத்துப்போனவன். நான் வருவதற்கு முன்னர் நடந்தது அது.

உள்ளே கூட்டிவந்து புண்ணைக் கழுவினேன். உயிர் போகிற வலியாக இருந்திருக்க வேண்டும். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. இரு என்றால் இருந்தான், எழும்பு என்றால் எழும்பினான். என்னோடு வேலை செய்யும் நர்ஸ் விதலின் கட்டுத்துணியை எட்ட நின்று நீட்டினாள். அவர்கள் போனபின் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள்.

பதிவில் ஒரு பெயர் எழுத வேண்டியிருந்தது. எர்மித் சொன்ன பெயரையே எழுதினேன்.

"செத்த ஆளுக்கு மருந்து எழுதுறியள், சிஸ்டர்," என்றாள் விதலின். "அது ஸோம்பி."

"செத்த ஆளுக்குப் புண்ணில சீழ் வராது."

அவள் சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 10

ஐஸ்கட்டி வந்தது. மழை விடவில்லை.

ஒக்டோபர் 12

புண்ணுக்குக் கட்டு மாற்ற எர்மித்தின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, தகரக் கூரை. அவன் வாசல் நிலையில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தான் என்று சொல்ல முடியாது. கண் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

எங்கே கண்டாள் என்று கேட்டேன்.

"பட்டணத்துச் சந்தையில, அரிசி மூட்டை இறக்கிற இடத்தில. ஆரோ ஒரு மூட்டையைத் தோளில வைச்சுவிட்டிட்டுப் போட்டினம். எங்க கொண்டுபோறது எண்டு தெரியாமல் அப்பிடியே நிண்டவன், சிஸ்டர். போய்க் கையைப் பிடிச்சன். பிடிச்ச உடன தெரிஞ்சிட்டுது."

"முகத்தைப் பார்த்தோ?"

"முகம் மாறும்தானே. கையைத்தான் சொல்லுறன்."

கொலரா நேரத்தில் வில்நேரை ஆஸ்பத்திரி வாசலில் விட்டதும், தன்னை உள்ளே விடாததும், மறுநாள் லொறியில் ஏற்றியதும், ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டு எல்லோரையும் ஒன்றாக மூடியதும் சொன்னாள். நிதானமாகச் சொன்னாள்; பலதடவை சொல்லிப் பழகிய கதை போல.

"பிளாஸ்ரிக்கால சுத்தியிருந்தது. நான் முகத்தைப் பாக்கேல்லை. உள்ளுக்கை ஆர் கிடந்தது எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? நீங்கள் சொல்லுங்கோ."

கட்டை முடிச்சுப் போட்டேன். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்துத் திரும்பப் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சோறும் அவரையும். ஒரு கல் உப்புக்கூட இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுடைய கோப்பையும் அவனுடைய கோப்பையும் ஒரே சட்டியிலிருந்து போட்டது.

"அவனுக்கு உப்பு ஆகாது, சிஸ்டர். அவனுக்கு இல்லாத உப்பு எனக்கு என்னத்துக்கு?"

ஒக்டோபர் 14

தெலுஸ் பிரஷர் பார்க்க வந்தார். பகலில் மோட்டார்சைக்கிள் திருத்துவார். இந்தப் பகுதியில் வோடூ வழிபாட்டைச் செய்து வைக்கும் பூசாரியும் அவர்தான். சாமிக்கும் எஞ்சினுக்கும் ஒரே எண்ணெய்க் கை. நான் வந்த புதிதில் அவரோடு பேசக்கூடாது என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. பிரஷருக்கு மதம் தெரியாது.

"உப்பைக் குறையுங்கோ, மிஸ்யே தெலுஸ். கூடிப்போய்க் கிடக்கு."

"அதுசரி. எர்மித்தின்ர பெடியன் மாதிரி என்னையும் ஆக்கப் பாக்கிறியள்."

சிரித்துவிட்டேன். பிறகு, அது என்ன உப்புக் கதை என்று கேட்டேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே என்னை ஒருதரம் பார்த்தார், கேலிக்குக் கேட்கிறேனா என்று.

"உங்கட ஊரில பேய்க்குப் பயப்படுவினமோ?"

"ஓம்."

"ஸோம்பிக்கு இஞ்ச ஒருத்தரும் பயப்படுறேல்லை. அது பாவம், அது ஆரை என்ன செய்யும்? நானும் அப்பிடி ஆகிப்போவனோ எண்டுதான் பயம்."

"எங்கயிருந்து வந்தது அந்தப் பயம்?"

"கரும்பில இருந்து," என்றார். "எங்கட ஆக்களை ஆபிரிக்காவில இருந்து கப்பலில கொண்டந்து கரும்புத் தோட்டத்தில இறக்கினவை. விடியமுன்னம் போனால் இருண்டாப் பிறகுதான் வாறது. கனபேர் நாண்டுகொண்டு செத்தவை. செத்தால் கடலுக்கு அடியால நடந்து கினேக்கு, தகப்பன்மாரின்ர நாட்டுக்கு, போயிடலாம் எண்டு நம்பினவை. அது ஒண்டுதான் விடுதலை. ஆனால் துரைமாருக்கு நட்டம்தானே? பிறகு ஒரு கதை வந்தது. தன்ர உயிரைத் தானே எடுத்தவனுக்குக் கினே இல்லை, அவன்ர உடம்பு எழும்பித் திரும்பவும் அதே தோட்டத்தில கரும்பு வெட்டும் எண்டு."

"துரைமார் கட்டிவிட்ட கதையோ?"

"துரை கட்டினதோ, கங்காணி கட்டினதோ, எங்கட ஆக்களே பயத்தில கட்டினதோ. ஆருக்குத் தெரியும்? நம்பினது நாங்கள்தான். ஆளுக்கு ரெண்டு ஆத்துமா, சிஸ்டர். நினைவா இருக்கிறது ஒண்டு, உடம்பை நடத்துறது ஒண்டு. நினைவை மட்டும் பிடிச்சுப் போத்தலுக்குள்ள அடைச்சுப்போட்டால் மிச்சம் வேலை செய்யும். சாகிறதுக்கு ஒருத்தரும் பயப்படேல்லை. செத்தாப் பிறகும் வேலை முடியாட்டில்? அதுதான்."

"உப்பு?"

"உப்பு நாக்கில பட்டால் தான் செத்தது நினைவு வரும். வந்தால் நேர புதைச்ச இடத்துக்குத்தான் போகும். ஆரும் மறிக்கேலாது."

"அப்ப உப்பைக் குடுத்து அனுப்புறதுதானே நல்லது?"

"நல்லதுதான். போய் எர்மித்துக்குச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது எங்கள் திருச்சபை ஆட்கள். அதை அவர் சொல்லவில்லை. மரியாதைக்காக இருக்கலாம்.

ஒக்டோபர் 15

பூசை முடிந்து அம்மாவுக்கு அழைத்தேன். அங்கே பின்னேரம். கொட்டிலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு இருந்தார்.

தம்பி அமலனைப் பற்றி இங்கே எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். கொட்டில் என்றால் என்ன என்று மட்டும் எழுதலாம். போர் முடிந்த நாளில் பிள்ளைகளை இராணுவத்தின் பேருந்தில் ஏறக் கண்டு, பிறகு காணாத தாய்மார், முல்லைத்தீவு வீதியோரம் தறப்பாள் கட்டி இருக்கிறார்கள். ஆளுக்கொரு படம் வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் இருப்பது அமலன் சாதாரணதரச் சோதனைக்கு எடுத்த படம். வெய்யிலில் வெளிறிவிட்டது என்று தங்கை ஸ்ரெலா புதிதாக அச்சடித்துக் கொடுத்தாளாம். அம்மா பழையதையே கொண்டுபோகிறாராம்.

"என்ன புதினம், பிள்ளை?"

அம்மாவின் குரலில் களைப்பு. கொஞ்சம் மனம் மாறட்டும் என்று எர்மித்தின் கதையைச் சொன்னேன். விநோதமான கதைதானே. அம்மா சிரிக்கவில்லை.

"தாய் என்னெண்டு அடையாளம் கண்டவ?"

"கையைப் பிடிச்ச உடன தெரிஞ்சதாம்."

"அது தெரியும்."

லைன் வெட்டுப்பட்டதோ என்று பார்த்தேன்.

"பிள்ளை, மருந்து கிருந்து குடுத்து ஒரு ஆளின்ர நினைவை எடுத்துப்போட்டு, எங்கயும் வைச்சு வேலை வாங்கலாமோ? தன்ர பேர் ஊர் தெரியாமல்?"

"அது இஞ்சத்தைச் சனத்தின்ர நம்பிக்கை, அம்மா."

"நம்பிக்கையை விடு. நீ நர்ஸ்தானே. ஏலுமோ ஏலாதோ?"

"ஏலாது எண்டு சொல்லேலாது," என்றேன்.

போனை வைத்தபின் கோழிக்கூட்டைக் கழுவினேன். அது நேற்றுத்தான் கழுவியது.

ஒக்டோபர் 18

எர்மித் அவனை மோட்டார்சைக்கிளில் நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். விடியற்காலையிலிருந்து வயிற்றால் போகிறது. கழுநீர் மாதிரி. கண் குழிவிழுந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. நாடி நூல்போல இருந்தது. பெயர் சொல்லத் தேவையில்லை. இந்த ஆற்றோரத்தில் குழந்தைக்கும் தெரியும் அது என்ன வருத்தம் என்று.

விதலின் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிப் பைக்கற்றை வெட்டித் தண்ணீரில் கரைத்தாள். எர்மித் அவள் கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிட்டாள்.

"அதுக்குள்ள உப்பு."

"மதாம் எர்மித், இது இல்லாட்டில் பிள்ளை செத்துப்போவான்."

"எனக்குச் சொல்லித் தராதேங்கோ. ஒரு லீற்றர் தண்ணி, ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. றேடியோவில பாட்டாப் போட்டவங்கள். நான் என்ர கையால கரைச்சுப் பருக்கினனான் அப்ப. பருக்கியும் போனவன்." அவனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தாள். "வாயில உப்புப் படவிடமாட்டன். பட்டால் எழும்பிப் போயிடுவான்."

விவாதிக்க நேரம் இருக்கவில்லை. சேலைன் போத்தலைக் கொழுவினேன்.

"அது என்ன?"

"மருந்துத் தண்ணி."

"உப்பில்லையே?"

"இது நரம்பால ஏறுறது. வாயால இல்லை."

விதலின் என்னைப் பார்த்தாள். நான் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவைதான் ஊசி ஏறியது. முதல் போத்தல் வேகமாக ஓடட்டும் என்று விட்டேன். ஊசி போட்ட கையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எர்மித் பிடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் நாடி திரும்பியது.

வாயால் இல்லை என்று நான் சொன்னது உண்மை.

ஒக்டோபர் 19

சலம் போனான்; உடம்பில் நீர் நிற்கத் தொடங்கிவிட்டது. விதலின் கைதட்டினாள். குளோரின் கரைத்து அறை முழுவதும் கழுவினோம். கிணற்றடிக்கு வேலி போட வேண்டும் என்று ஊர்க்காரருக்குச் சொல்லியனுப்பினேன்.

எர்மித் அவனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். என்னோடு பேசவில்லை.

ஒக்டோபர் 20

கட்டு மாற்றும்போது "ஆ" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். இதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒக்டோபர் 22

எர்மித் பூசைக்குப் போயிருந்தாள். நான் முதல் பூசைக்குப் போய் வந்துவிட்டேன். விதலின் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள்.

அவன் சுவரில் சாய்ந்து இருந்தான். வெட்கப்பட்டவன் போலப் போர்வையை நெஞ்சுவரை இழுத்தான்.

"இது எந்த ஊர், சிஸ்டர்?"

ஊர்ப்பெயரைச் சொன்னேன். அவனுக்கு அது பிடிபடவில்லை. தன் ஊர் வடக்கே, மலைப்பக்கம் என்றான். பெயர் ஜோனாஸ். தகப்பன் இல்லை, தாய் இல்லை, அக்கா இருக்கிறாள். தலைக்குள் சத்தம் கேட்கத் தொடங்கினால் நடக்கத் தொடங்கிவிடுவானாம். நடந்தால் நிற்க முடியாதாம். எவ்வளவு காலம் நடந்தான் என்று தெரியாது. யார் யாரோ வேலை கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான், வழுக்குகிற கல்லில் கால் வைப்பவன் மாதிரி.

விதலின் சிலுவை அடையாளம் போட்டாள்.

எர்மித் பூசைச் சட்டையோடு வந்தாள். வாசலிலேயே கண்டுகொண்டாள், அவன் எழுந்து இருப்பதை.

"வில்நேர்! மோனே!"

அவன் அவளை மரியாதையாகப் பார்த்தான். "நான் ஜோனாஸ், மதாம்," என்றான். "என்னைப் பார்த்தது நீங்கள்தானே. மெத்தப் பெரிய உபகாரம்."

அவள் கிட்ட வந்தாள். விலகியிருந்த போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். கொண்டுவந்த தூக்குச்சட்டியைக் கட்டிலடியில் வைத்தாள். பிறகு வெளியே போனாள்.

அம்மாவுக்கு அழைக்கவில்லை. போனில் சார்ஜ் குறைவு.

ஒக்டோபர் 24

எர்மித் வழக்கம்போல் வருகிறாள், சாப்பாடு கொடுக்கிறாள். அவன் "நன்றி, மதாம்" என்கிறான். அவள் "தின், மோனே" என்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இப்போதும் சோற்றில் உப்பில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறான்.

"அக்காக்காரிக்கு அறிவிக்கத்தானே வேணும், சிஸ்டர்?" என்றாள் விதலின்.

"அறிவிக்கத்தான் வேணும்."

"இண்டைக்கோ?"

"இன்னும் பலம் வரேல்லை அவனுக்கு. நாளைக்குச் சொல்லுவம்."

ஒக்டோபர் 25

நாளைக்கு.

ஒக்டோபர் 26

விதலின் என்னைக் கேட்காமலே பட்டணத்து வானொலிக்கு அழைத்துச் செய்தி கொடுத்துவிட்டாள். அவளைக் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

ஒக்டோபர் 29

அக்காவின் பெயர் கெர்தா. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, கோவிலிலிருந்து நேரே வண்டி ஏறினவள் மாதிரி வந்தாள். பெரிய உருவம். ஓடிவருவாள் என்று நினைத்தேன். வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். ஜோனாஸ்தான் முதலில் கண்டான், சிரித்தான். அவனுடைய பற்களை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஜோஜோ," என்றாள். கிட்ட வந்து அவன் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள், பிறகு இன்னொன்று. பிறகுதான் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. பார்த்த எவருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

ஆனாலும் வேலிக்கு வெளியே சனம். யாரோ கத்தினான்: "எர்மித்தின்ர பிள்ளையைக் கொண்டுபோக விடாதேங்கோ!" இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்தன. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டேன்.

எர்மித் குசினிப் பக்கமிருந்து வந்தாள். கையில் கோப்பை. கெர்தா தொப்பியைக் கழற்றினாள்.

"என்ர தம்பியை நீங்கள்தான் வைச்சுப் பார்த்தனீங்களாம்."

"ஓம்."

"வடிவாச் சாப்பிட்டவனோ?"

"சாப்பிட்டவன். வெண்டிக்காய் போட்டால் ஓரமாத் தள்ளி வைப்பான்."

"சின்னனில இருந்தே அப்பிடித்தான்."

"கதவைப் பூட்டினால் படுக்கமாட்டான்."

"தெரியும், அம்மா."

அம்மா என்று சொன்னதும் எர்மித்தின் வாய் ஒருதரம் கோணியது. கோப்பையை விதலினிடம் கொடுத்தாள்.

"காலுக்கு மருந்து ஒவ்வொரு நாளும் மாத்த வேணும். கட்டு இறுக்கக் கூடாது. சிஸ்டர் காட்டித் தருவா."

பிறகு வேலிப் பக்கம் திரும்பி, "என்ன பாக்கிறியள்? அவன்ர ஆக்கள் வந்திருக்கினம். போறான்," என்றாள். சனம் அடங்கியது.

மாத்திரைகளும், வடக்கில் மனநோய் பார்க்கும் வைத்தியர் இருக்கும் இடமும் கெர்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வண்டியில் ஏறும்வரை எர்மித் அவனுடைய கையைப் பிடித்திருந்தாள். வண்டி ஸ்ரார்ட் ஆனபிறகும் விடவில்லை. ஜோனாஸ்தான் மெல்ல உருவி எடுத்துக்கொண்டான்.

அழைக்கவில்லை இன்றும். ஸ்ரெலா இரண்டு தடவை எடுத்துவிட்டுச் செய்தி போட்டிருக்கிறாள். அம்மா அந்தக் கதையில் மிச்சம் கேட்கிறாராம்.

நவம்பர் 2

சகல ஆத்துமாக்கள் திருநாள். பூசையில் வாசிக்க மரித்தவர்களின் பெயர்களை எழுதி வைக்கும் தாள் பீடத்தடியில் இருந்தது. அப்பாவின் பெயரை எழுதினேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். கொடுத்துவிட்டு விலகினேன்.

பின்னேரம் சேமக்காலைக்குப் போனோம். இங்கே ஒரே நாளில் இரண்டு திருநாள். எங்கள் சுவாமி கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போக, தெலுஸின் ஆட்கள் முகத்தில் வெள்ளைமா பூசி, ஊதாத் துணி கட்டி, மிளகாய் ஊறப்போட்ட சாராயத்தைக் குடித்து ஆடிக்கொண்டு வருகிறார்கள். இறந்தவர்களின் காவலனுக்கு நடுவில் பெரிய கறுப்புச் சிலுவை. எங்கே புதைத்தது என்று தெரியாதவர்களுக்கு எல்லோரும் அந்தச் சிலுவையடியில்தான் திரி கொளுத்துவார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும்.

எர்மித் அங்கே இருந்தாள். இவ்வளவு வருடமும் அவள் அந்தப் பக்கமே போனதில்லை என்று விதலின் சொன்னாள். அவள் பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"மதாம் எர்மித், அண்டைக்கு அந்தப் போத்தலுக்குள்ள..."

"தெரியும்."

"என்னெண்டு?"

"ஊசி ஏத்தேக்க ஒரு துளி என்ர கையில விழுந்தது. நக்கிப் பார்த்தனான்."

கூத்துக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் என் முக்காட்டை எட்டித் தொட்டுவிட்டுச் சிரித்தான்.

"அப்ப ஏன் மறிக்கேல்லை?"

"வயித்தால போய்ச் சாகக் கிடந்ததை நான் ஒருக்காப் பார்த்தவள்," என்றாள். "திரும்பவும் பாக்கேலாது. போறதெண்டால் நடந்து போகட்டும் எண்டு விட்டன்."

காற்றுக்குத் திரி அணைந்தது. மறுபடி கொளுத்தினாள்.

"வில்நேரோ ஜோனாஸோ, ஆரோ ஒருத்தன் அண்டைக்கு எழும்பிப் போட்டான், சிஸ்டர். இனி அவனை ஒருத்தரும் மூட்டை சுமக்க விடமாட்டினம்." மடியிலிருந்து இன்னொரு மெழுகுதிரியை எடுத்தாள். "ஒண்டு மிஞ்சிக் கிடக்கு. உங்களுக்கு ஆருக்கும் கொளுத்த இருக்கோ?"

"அப்பாவுக்கு," என்றேன்.

தந்தாள். அவளுடைய திரியிலிருந்தே பற்றவைத்துச் சிலுவையடியில் ஊன்றினேன். அப்பாவின் கல்லறை எங்கள் ஊர் சிலாவத்தையில், கோவிலுக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா காலையிலேயே போய்க் கொளுத்தியிருப்பார்.

நவம்பர் 5

இனியும் தள்ளிப்போட முடியாது என்று அழைத்தேன். சுகம் விசாரிக்கவில்லை அம்மா. முதல் கேள்வியே அதுதான்.

"அந்தப் பெடியன் எப்பிடி இருக்கிறான்?"

"சுகம், அம்மா. இடையில வருத்தம் வந்தது. மாறிட்டுது."

"கதைக்கிறானோ?"

"கதைக்கிறான்."

"தாயைத் தெரியுதாமோ?"

விதலின் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போர்வைகள் எல்லாம் குளோரினில் வெளுத்துப்போய்விட்டன. புதிது கேட்டு எழுத வேண்டும்.

"பிள்ளை? கேக்குதோ?"

"ஓம், அம்மா. தெரியுதாம்."

அம்மா அழுதார். சத்தம் வராமல் அழ அவருக்குத் தெரியும்; மூச்சு மட்டும் கேட்டது. "மாதாவே," என்றார். "மாதாவே, தாயே." பிறகு, "நல்லாச் சாப்பிடச் சொல்லு அவனை," என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 8

ஒன்றும் இல்லை. தடுப்பூசி நாள். நல்ல சனம்.

எர்மித் சோளம் விற்க வந்துவிட்டாள். இரண்டு பொத்தி வாங்கினேன். உப்புத் தடவித் தந்தாள்.

நவம்பர் 12

அம்மாவே அழைத்தார். அவர் அழைப்பது அபூர்வம். குரலில் ஒரு துடிப்பு இருந்தது. அப்பா இருந்த காலத்தில் வலையில் நல்ல மீன் பட்ட நாட்களில் கேட்ட குரல்.

"நான் கொட்டிலில சொன்னனான், பிள்ளை."

"என்னத்தை?"

"அந்தப் பெடியன்ர கதையைத்தான். எல்லாரும் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவை. செல்வராணி அக்கா ரெண்டாந்தரமும் சொல்லச் சொன்னவ. அவ கன நாளாச் சாப்பாடே எடுக்கிறேல்லை. அண்டைக்கு ஒரு பிளேன்ரீ குடிச்சவ. கிளிநொச்சியில இருந்து வந்த ஆக்களும் இருந்தவை. தங்கட கொட்டிலிலயும் போய்ச் சொல்லப்போகினமாம்."

"அம்மா," என்றேன்.

"என்ன?"

பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. வீட்டிலிருந்து அழைக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

"இல்லை, சொல்லுங்கோ."

"பேர்தான் எனக்கு வாயில வரேல்லை. இவை கேக்கினம். பிழையாச் சொல்லக்கூடாதுதானே?"

"வில்நேர்."

"வில்நேர்," என்று அம்மா பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொன்னார். அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு மாதிரி வந்தது. "சந்தையில கண்டவ எண்டனி. என்ன சந்தை?"

"அரிசிச் சந்தை. மூட்டை இறக்கிற இடம்."

"தோளில மூட்டையோடதானே நிண்டவன்?"

"ஓம். மூட்டையோட."

அம்மா அதையும் திருப்பிச் சொன்னார். யாரோ ஒருத்தி ஏதோ கேட்டாள், எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை.

"செல்வராணி அக்கா கேக்கிறா, தாய் அண்டைக்கு என்ன உடுத்திருந்தவவாம்? மகனுக்கு அந்த உடுப்பு நினைவு வந்திருக்குமோ எண்டு."

எனக்குத் தெரியாது. நான் அந்தச் சந்தைக்குப் போகவே இல்லை.

"நீலச் சட்டை, அம்மா," என்றேன். "சின்னச் சின்ன வெள்ளைப் பூப் போட்டது."